பட்டியலில் இல்லாத கிணறு

சூசைமுத்து அண்ணன் இறந்தபோது மேட்டுப்பட்டியில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் 'தண்ணிக் கேன் சூசை' என்று போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே சர்ச்சின் பங்குப் பேரவை உறுப்பினர், லோடு ஆட்டோ ஓட்டுநர் சங்கத் துணைச் செயலாளர் என்று இரண்டு பதவிகள். தப்பில்லை, ஊர் அவரை அப்படித்தான் அறிந்தது. அதற்கு முன்னால் மூன்று வருடம் அவர் செய்த வேலை அந்தச் சுவரொட்டியில் இல்லை. வேறு எங்கும்கூட இல்லை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் ஆண்டவனுக்கும், நெறியாளருக்கும், அத்தாவுக்கும், நிதி கொடுத்த மத்திய அரசுத் துறைக்கும், தட்டச்சு செய்த பெண்ணுக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறேன். கடைசியில் 'களப்பணியில் உதவிய அனைவருக்கும்' என்று ஒரு வரி. அந்த அனைவரும் ஒரே ஆள்தான்.

நான் ஜெய்தூன் பீவி. திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அத்தா ஜமால் முகமதுக்குத் தோல் வியாபாரம். பெண் பிள்ளை மேலே படிப்பதைப் பற்றி எங்கள் தெருவே கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 'படிக்கட்டும், யாருக்கு என்ன?' என்று என்னை அனுப்பி வைத்தவர். 1993இல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். இன்றைக்கும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

என் நெறியாளர் பேராசிரியர் அருள்நாதன் மத்திய அரசிடம் நிதி வாங்கி ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். சாணார்பட்டியிலிருந்து குஜிலியம்பாறை வரைக்கும் மழையை நம்பிக் கிடக்கிற காடுகளில் எழுபத்தைந்து கிணறுகள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருடத்துக்கு, ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்து அதில் புளோரைடு எவ்வளவு என்று அளக்க வேண்டும். புளோரைடு பாறையிலிருந்து ஊறி வருவது. நிறம் கிடையாது, ருசி கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பெரியவர்களுக்கு மூட்டு பிடிக்கும். பால் பல் விழுந்து முளைக்கிற பல்லில், பிள்ளைகளுக்குக் காவிக் கறை ஏறிவிடும். ஏறினால் ஏறியதுதான், தேய்த்தெல்லாம் எடுக்க முடியாது. நாக்கால் கண்டுபிடிக்க முடியாத விஷயம் என்பதால், யாராவது அளந்து சொன்னால்தான் குடிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆய்வின் நியாயமே அதுதான்.

தண்ணீர் எடுத்து வர ஓர் ஆள் தேவைப்பட்டது. தினக்கூலி. வந்தவர் சூசைமுத்து. அப்போது நாற்பது வயதிருக்கும். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் கூலி. இவர் பி.யு.சி.யில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, அதன்பின் செய்யாத வேலை இல்லை. இரண்டு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறார், ரேஷன் கார்டு சரிபார்க்கப் போயிருக்கிறார். மனைவி சகாயராணி கன்னியர் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். வீட்டில் நிலையான சம்பளம் அந்த அம்மாளுடையதுதான் என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

பேராசிரியர் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: "குஜிலியம்பாறைப் பக்கம் பழக்கம் உண்டா?"

"பழக்கம்னா சார், எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா கொலைக்கும்னு தெரியும்."

வேலை கிடைத்துவிட்டது.

ஒரு பழைய டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டி, வைக்கோல் போட்டு, அதில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு கிளம்புவார். எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அதே தண்ணீரால் மூன்று தடவை பாட்டிலை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். மூன்று வருடத்தில் ஒரு பாட்டில்கூடக் கெட்டு வந்ததில்லை. என்னால் என்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டு தடவை நானும் அவரோடு போனேன், பல்கலைக்கழக ஜீப்பில். அப்போது ஒன்றைக் கவனித்தேன். எந்த வீட்டிலும் சாப்பிட மாட்டார். காபி வேண்டாம், மோர் வேண்டாம். ஆனால் பாட்டிலில் பிடித்து மூடியதும், அந்த வீட்டாரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே கடகடவென்று குடிப்பார். ஒரே நாளில் பத்துப் பதினைந்து கிணறு. பத்துப் பதினைந்து சொம்பு.

"என்னண்ணே, தாகமா, வேண்டுதலா?" என்றேன்.

"தண்ணி எடுக்க வந்தவன் அந்தத் தண்ணியக் குடிக்காமப் போனா சனம் என்ன நெனைக்கும் தங்கச்சி? இதுல என்னமோ இருக்குன்னு பயந்துரும்ல. அம்புட்டுத்தான்."

துறைக்குள் என்னை மேடம் என்பார். கேட்டைத் தாண்டினால் தங்கச்சி.

எல்லாக் கிணற்றுக்காரர்களும் அவரிடம் ஒன்றையே கேட்டார்கள். எங்க தண்ணி எப்படி இருக்கு? அவரும் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "ரிசல்ட்டு வரட்டும். நானே வந்து சொல்றேன்." யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பேராசிரியரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறவன் பதில் சொல்ல வேண்டும் என்பது அவராகவே எடுத்துக்கொண்ட கடமை. எங்கள் திட்ட அறிக்கையில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

சாணார்பட்டியைத் தாண்டி ஓர் ஊர், வெள்ளைக்களம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று பங்குக் கிணறு ஒன்று இருந்தது. மூத்தவர் முத்துச்சாமி, அடுத்தவர் சோலைமலை. மூன்றாமவர் லாரி ஓட்டப் போய்விட்டதால் அவர் பங்கைப் பார்த்தது மனைவி கண்ணம்மாள். பங்காளிகளுக்குள் வழக்கு, திண்டுக்கல் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. கிணற்றில் மோட்டார் போட முறை வைத்திருந்தார்கள். இன்றைக்கு அண்ணன் முறை என்றால் தம்பி அந்தப் பக்கமே வரக் கூடாது.

முதல் தடவை போனபோது எங்கள் படிவத்தில் 'கிணற்று உரிமையாளர் பெயர்' என்ற இடத்தில் சூசைமுத்து முத்துச்சாமி என்று எழுதினார். அன்று அவர் முறை. அடுத்த தடவை போனால் சோலைமலை வண்டியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஏலே, கவர்மெண்டு பேப்பருல அவன் பேர எழுதிட்டுப் போயிட்ட. நாளைக்கி அதக் கோர்ட்டுல காட்டி, கிணறே எம்பேருலதான்னு சொன்னா நான் எங்க போறது?"

படிவத்தின் தலையில் பல்கலைக்கழக முத்திரை இருந்ததுதான் வினை. அந்தக் காகிதத்தை வைத்து எந்தக் கோர்ட்டிலும் ஒரு செங்கல்லைக்கூட வாங்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைசியில் சூசைமுத்து ஒரு தீர்ப்புச் சொன்னார். என்றைக்கு யார் முறையோ, அன்றைக்கு அவர் பெயர். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். கோர்ட்டில் பல வருடம் ஆகாத காரியத்தை அவர் கிணற்று மேட்டில் பத்து நிமிடத்தில் முடித்தார்.

எங்கள் படிவத்தில் உரிமையாளர் பெயருக்கு இடம் உண்டு, கிணற்றின் அடையாளத்துக்கு இடம் கிடையாது. அந்தப் படிவத்தை வடிவமைத்தது நான். ஒரு கிணற்றுக்கு ஓர் ஆள்தானே சொந்தக்காரர் இருப்பார் என்று டவுனில் பிறந்தவளுக்குத் தோன்றியது. அவர் தமக்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். காலண்டர் தாளில் அட்டை போட்டது. அதில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'முத்துச்சாமி, சோலைமலை, கண்ணம்மாள். பேர் மூன்று, கிணறு ஒன்று.' வேறு மூன்று பங்குக் கிணறுகளுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்து, இதே போலக் குறித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டு, "மேடம், இந்தப் பேரு விசயத்துல ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார். நான் கணினி அறைக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். துறைக்கே ஒரு கணினிதான், குளிர்பதன அறை, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், எனக்கு ஒதுக்கியது வாரத்தில் ஆறு மணி நேரம். "வச்சிட்டுப் போங்கண்ணே, அப்புறம் பேசுவோம்," என்றேன். அந்த அப்புறம் வர பதினோரு வருடம் ஆனது.

1996இல் பன்னிரண்டு சுற்றும் முடிந்தது. அளவுகளையெல்லாம் கணினியில் ஏற்றினேன். எழுபத்தைந்து கிணறு இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்து நான்கு பெயர் வந்தது. நானாகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்: மனுஷன் ஆர்வக் கோளாறில் நடுவில் சில கிணறுகளைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார். அவர் அந்த நேரத்தில் வராந்தாவில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, பைக்குள் நோட்டு. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தப் பெஞ்சு கண் முன்னால் நிற்கிறது, என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

பதின்மூன்று பெயர்களுக்கு அளவுகள் அரைகுறையாக இருந்தன. முத்துச்சாமிக்கு ஐந்து, சோலைமலைக்கு நான்கு, கண்ணம்மாளுக்கு மூன்று. கண்ணம்மாளின் மூன்றும் நான்குக்கு மேலே. ஒன்றரைதான் வரம்பு, இது நான்குக்கு மேலே. பேராசிரியரிடம் காட்டினேன்.

"பன்னிரண்டில் குறைந்தது ஆறு அளவாவது இருக்க வேண்டும். மூன்றை வைத்து என்ன சொல்ல முடியும்? எடுத்துவிடு."

விதி சரியான விதிதான். எடுத்துவிட்டேன். எழுபத்தோரு கிணறு மிஞ்சியது. ஆய்வேட்டின் தலைப்பிலேயே எழுபத்தொன்று என்ற எண் இருக்கிறது.

முடிவுகளை ஊர்க்காரர்களுக்குச் சொல்லலாமா என்று சூசைமுத்து என்னிடம் பல தடவை கேட்டுவிட்டார். நான் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. முன்பு ஒரு தடவை அவருடைய அளவுகளை வாங்கிப் பார்த்த ஒருவர், முந்திக்கொண்டு தம் பெயரில் கட்டுரை போட்டுவிட்டார். சூடு கண்ட பூனை அவர். "கட்டுரை அச்சில் வரட்டும். அதுவரை ஒரு எண்கூட இந்த அறையைத் தாண்டக் கூடாது," என்றார். நானும் 'தீசிஸ் முடியட்டும்ணே' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்கும் அதில் சௌகரியம் இருந்தது.

1997இல் இறுதி அறிக்கை போனது. கூடவே, வரம்பைத் தாண்டிய பத்தொன்பது கிணறுகளின் பட்டியல் ஒன்று குடிநீர் அதிகாரிகளுக்குப் போனது. அந்த ஊர்களுக்கெல்லாம் ஓரிரு வருடத்தில் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. அரசாங்கம் காசு கொடுத்ததற்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

திட்டம் முடிந்தது, சூசைமுத்துவின் வேலையும் முடிந்தது. கடைசி நாளன்று அவர் அலுவலகத்தில் அந்தப் பட்டியலை நின்றுகொண்டே படித்தார். பிறகு என் மேஜைக்கு வந்தார். நான் ஆய்வேட்டின் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

"மேடம், வெள்ளைக்களம் கண்ணம்மா பேரு இதுல இல்லையே. முத்துச்சாமி பேரும் இல்ல. அப்ப அந்தத் தண்ணி நல்ல தண்ணிதான?"

"லிஸ்ட்ல இல்லைன்னா பிரச்சினை இல்லண்ணே," என்றேன். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை.

அவர் தம் வாக்கைக் காப்பாற்றினார். கூலி இல்லை, யாரும் அனுப்பவில்லை. தம் சொந்தப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு, பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு, எழுபத்தைந்து கிணற்றுக்கும் போனார். பட்டியலில் இருந்த பத்தொன்பது பேரிடம் 'குடிக்காதீங்க' என்றார். மற்றவர்களிடம் 'நல்ல தண்ணி, தாராளமாக் குடிங்க' என்றார். வெள்ளைக்களத்தில் கண்ணம்மாள் கைக்குழந்தையோடு நின்றிருந்தாளாம். பெண் குழந்தை, பெயர் அழகுமீனா. "பிள்ளைக்கும் குடுக்கலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். "நீயும் குடி, பிள்ளைக்கும் குடு தாயி," என்று சொல்லி, வழக்கம் போல ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் அவர் தண்ணிக் கேன் சூசை ஆனார். சுத்திகரித்த தண்ணீரைக் கேனில் அடைத்து விற்பது அப்போது டவுனில் தலையெடுத்திருந்தது. கடன் உடன் வாங்கி ஒரு லோடு ஆட்டோ எடுத்து, கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போட்டார். பிரியாணிக் கடை வாசல்களில் எப்போதாவது என்னைப் பார்த்தால் ஆட்டோவிலிருந்தே "தங்கச்சி, சௌக்கியமா?" என்று குரல் கொடுப்பார். நான் விரிவுரையாளர் ஆகியிருந்தேன். கையை ஆட்டிவிட்டுப் போவேன்.

2006 வைகாசியில் சாணார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குக் கேன் இறக்கப் போனவர், பந்தி நடக்கிற இடத்தில் கண்ணம்மாளைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் பத்து வயதுப் பெண். ஏதோ வேடிக்கைக்கு அந்தப் பிள்ளை சிரித்திருக்கிறாள், சிரிக்கிறபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடம் புளோரைடு ஊர்களில் சுற்றிய மனிதர். அப்படி வாயைப் பொத்துகிற பிள்ளைகளை அவருக்குத் தெரியும்.

"தாயி, பல்லக் காட்டு."

காட்டியிருக்கிறாள். முன் பல் எல்லாம் காவிக் கோடு. கண்ணம்மாளுக்கு முழங்கால் மடங்கவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். அவளோ, "வெத்தலை போட்டாப்புல இருக்குன்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுதாகளாம்ணே, என்ன பல்பொடி போட்டாலும் போகல," என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். இவர் காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளைத் தாளில், பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு வந்தது. '1993 முதல் 1996 வரை நான் எடுத்துக் கொடுத்த தண்ணீரின் அளவுகளை, கிணறு வாரியாக எனக்குத் தரவும். இப்படிக்கு, சூசைமுத்து.' அது எங்கள் துறைக்குத் திருப்பப்பட்டு, பேராசிரியர் மேஜை வழியாக என் மேஜைக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

"மறுத்து எழுதிவிடு," என்றார் பேராசிரியர். அதே கிணறுகளை வைத்து இரண்டாம் கட்ட ஆய்வுக்கு அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். எனக்கும் அதில் பங்கு உண்டு.

எழுதினேன். 'கோரப்பட்ட விவரங்கள் ஆய்வாளர்களின் அறிவுசார் சொத்தாகும். மேலும் கிணற்று உரிமையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் அவற்றில் அடங்கியுள்ளன. எனவே வழங்க இயலாது.' நல்ல தமிழ். ஒரு பிழை கிடையாது. கீழே யாருடைய கையெழுத்தோ, வாசகம் என்னுடையது.

பத்து நாளில் அவரே வந்தார். பேராசிரியர் டெல்லி போயிருந்த நாள். மஞ்சப்பையோடு என் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பதில் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தண்ணி அவுக கிணத்துத் தண்ணி. எடுத்தாந்தவன் நான். காசு கவர்மெண்டு காசு. இதுல உங்க சொத்து எதுன்னு மட்டும் சொல்லுங்க தங்கச்சி, போயிடுறேன்."

துறைக்குள் அவர் என்னைத் தங்கச்சி என்றது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது வெட்கமா, மாட்டிக்கொண்ட பயமா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய் பீரோவிலிருந்து ஆய்வகப் பதிவேட்டை எடுத்து வந்தேன். என் கையெழுத்தில் உள்ள பழைய பதிவேடு. அவர் நோட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். பேர் மூன்று, கிணறு ஒன்று.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதிவேட்டில் முத்துச்சாமி பெயருக்கு எதிரே விரலை வைத்தார். நாலு புள்ளி ஒன்று, மூணு புள்ளி ஒன்பது, நாலு புள்ளி மூணு. பிறகு சோலைமலை. பிறகு கண்ணம்மாள். தேதிகளைத் தம் நோட்டோடு ஒத்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார்.

"பன்னெண்டும் இருக்கே தங்கச்சி. ஒரு தடவகூட நான் விடலயே. அப்புறம் ஏன் லிஸ்ட்ல இல்ல?"

சொன்னேன். ஆறுக்குக் குறைந்தால் எடுத்துவிடுவது விதி என்றேன். ஒரு கிணற்றை மூன்று கிணறு என்று நினைத்து எடுத்துவிட்டேன் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் போயி நல்ல தண்ணின்னு சொல்லிட்டு வந்தேனே," என்றார். "பிள்ளைக்குக் குடுன்னு சொன்னேனே."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவேடு முழுவதையும் நகல் எடுத்து அவரிடம் கொடுத்தேன். விட்டுப்போன நான்கு கிணறுகளில் இரண்டு மோசமானவை, வெள்ளைக்களமும் குஜிலியம்பாறைப் பக்கம் ஒன்றும். அவர் நகலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். அடுத்த வருடக் கடைசியில் இரண்டு ஊருக்கும் குழாய் வந்தது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேன்களை ஏற்றிக்கொண்டு வெள்ளைக்களம் போவது அவர் வழக்கம். எனக்கு ஒரு மெமோ வந்தது, இரண்டாம் கட்ட ஆய்விலிருந்து என் பெயர் போனது. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பட்ட கடனுக்கு வட்டிகூட இல்லை அது. அவர் கடைசி வரை என்னோடு பேசினார், சௌக்கியமா என்று கேட்டார். ஆனால் எந்தக் கிணற்றைப் பற்றியும் என்னிடம் மறுபடி பேசவில்லை.

பதிவேடு பார்த்த மறுநாள் காலை அவருடைய லோடு ஆட்டோவில் வெள்ளைக்களம் போனோம். நானே சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். நல்ல தண்ணின்னு சொன்னது என் வாயி. நானே சொல்றேன். நீங்க கூட நில்லுங்க, போதும்."

கண்ணம்மாள் வாசலில் கடலைச் செடியை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கண்ணே, வாங்க டீச்சரு," என்று உள்ளே போய், வழக்கப்படி இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழகுமீனா நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

சூசைமுத்து அண்ணன் சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, குடிக்காமல், கீழே வைத்தார்.

கண்ணம்மாள் சொம்பையே பார்த்தாள். வந்த நாள் முதலாக ஒரு தடவைகூட அந்த மனிதர் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வைத்ததில்லை.

"ஏண்ணே, தண்ணியில என்ன?"

அவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, என்மேல் பழியும் போடவில்லை. 'கணக்குல தப்பு நடந்துபோச்சு தாயி' என்றுதான் சொன்னார். பல்லைப் பற்றிச் சொன்னார், முழங்காலைப் பற்றிச் சொன்னார். பேச்சு நடுவில் நின்றபோது சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். கண்ணம்மாள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரு, இது ஒங்களுக்கு மொத மொத எப்பத் தெரிஞ்சது?"

பதிவேடு என் மடியில் இருந்தது. முதல் பாட்டிலை நான் அளந்த தேதி அதில் இருந்தது. பொய் சொல்ல வழியில்லை.

"தொண்ணூத்தி மூணு, ஜூலை."

அவள் நிலைப்படியில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ பொறந்தது தொண்ணூத்தி ஆறு," என்றாள்.

பிறகு குனிந்து, எங்கள் முன்னாலிருந்த இரண்டு சொம்பையும் எடுத்து, தண்ணீரை முருங்கைத் தூரில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.